நட்சத்திரம் தெரியாத அம்மா

அப்பாவின் போன் வந்தபோது அவள் மொட்டை மாடியில் ஈரத்துணியை உதறி உதறிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். காலை ஏழரை மணி. அப்பா இருக்கிற தேசத்தில் அப்போது பொழுதுகூட விடிந்திருக்காது. கண்ட நேரத்தில் போன் பண்ணுகிற ஆளும் இல்லை அவர். 

செய்தி சின்னதுதான். எந்த மொழியில் சொன்னாலும் அது இரண்டு வார்த்தைக்கு மேல் வராது. அம்மா போய்விட்டாள். பத்து நாள் முன்னால் இதயத்தில் ஆபரேஷன் நடந்து, நல்லபடியாக முடிந்து, முந்தாநாள் எழுந்து நாற்காலியில் உட்கார்ந்து தலைகூட வாரிக்கொண்ட அம்மா, ராத்திரி திடீரென்று மூச்சு முட்டுகிறது என்றாளாம். டாக்டர் ஓடி வருவதற்குள் எல்லாம் அடங்கிவிட்டதாம்.

அவள் பார்மசி மூன்றாம் வருஷம் படிக்கிறாள். படித்த படிப்பு சும்மா இருக்கவிடவில்லை. ரத்தம் உறையாமல் இருக்க ஓர் ஊசி போடுவார்களே, போட்டார்களா, எத்தனை நாள் போட்டார்கள் என்று அப்பாவைக் கேட்டாள். ஏதோ ஊசி போட்டார்கள், எனக்கென்ன தெரியும் அதெல்லாம் என்று சொல்லிவிட்டு அவர் அழ ஆரம்பித்தார். ஏன்தான் கேட்டோமோ என்று ஆகிவிட்டது அவளுக்கு.

நாளைக் காலை ஏழரை மணிக்கு அடக்கம் என்றார் அப்பா. அங்கே ஏழரை என்றால் இங்கே பதினொன்று. இரண்டு விமானம் மாறி அவள் வீடு போய்ச் சேர ஒன்றரை நாள் ஆகும். வந்தாலும் வெறும் மண்ணைத்தான் பார்ப்பாய், பரீட்சையை முடித்துக்கொண்டே வா என்றார். அவளும் சரி என்று சொல்லிவிட்டாள். பெற்றவளின் முகத்தைக் கடைசியாக ஒரு தடவை பார்ப்பதா வேண்டாமா என்கிற விஷயம் இப்படி ஒரு 'சரி'யில் முடிந்துபோகும் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை.

போனை வைத்துவிட்டு மீதித் துணியையும் உலர்த்தினாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. கையில் ஈரத்துணி இருந்தால் உலர்த்தத்தானே வேண்டும்.

கீழே போய் அக்காவிடம் சொல்லிவிட வேண்டும் என்றுதான் படியிறங்கினாள். அக்கா என்றால் வீட்டுக்காரம்மா. கூடத்தின் நடுவில் காலை நீட்டி உட்கார்ந்து, துணிப்பைக்குள் ஒவ்வொன்றாக அடுக்கிக்கொண்டிருந்தாள். தேங்காய், வெற்றிலை, கற்பூரம், ஒரு பித்தளைத் தட்டு, மஞ்சள் துணியில் முடிந்த ஒற்றை நாணயம். நாளைக்கு மலைக்கோயிலுக்குப் பயணம். நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அக்கா கேட்டாள்:

"என்ன, அம்மா இன்னிக்கு எழுந்து நடந்தாங்களாமா?"

"ம்," என்றாள் அவள்.

சத்தியமாகப் பொய் சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை. வாயில் அதுதான் வந்தது. அக்கா உடனே இரண்டு கையையும் தலைக்கு மேலே குவித்து, மேல் கூரையைப் பார்த்துக் கும்பிட்டாள். நான் சொன்னேன் இல்லையா, அவன் கைவிட மாட்டான் என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். அதற்கு மேல் அந்தப் பெண் வாயைத் திறப்பது எப்படி? நாளைக்குப் போகிற பயணமே செத்துப்போன அந்த அம்மாவுக்காகத்தான்.

கதை கேட்கிறவர்களுக்கு இது கொஞ்சம் விளங்க வேண்டும். அவள் இந்த ஊருக்குப் படிக்க வந்து இரண்டரை வருஷம் ஆகிறது. வந்த புதிதில் தமிழில் ஒரு வார்த்தை தெரியாது. வீடு பார்க்க வந்த அன்றைக்கு அக்காவை "ஆன்ட்டி" என்று கூப்பிட்டதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் முதல் பாடம். "ஆன்ட்டியா? எனக்கென்ன நரைச்சா போச்சு? அக்கான்னு கூப்பிடு, இல்லேன்னா வீடு கிடையாது" என்று சொல்லிவிட்டாள் அக்கா. நரைக்கத்தான் செய்திருந்தது. அதை மை போட்டு மறைத்திருந்தாள் என்பது வேறு விஷயம். அக்கா ஒரு தையல் கடையில் அளவு எடுக்கிறவள். ஆளை ஒரு பார்வை பார்த்தால் தோள் எவ்வளவு, இடுப்பு எவ்வளவு என்று நாடாவைத் தொடாமலே சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் டவுன்பஸ் டிரைவர். அக்காவின் புருஷன் என்பதால் அவர் மாமா ஆனார். ஒரே மகன் வெளியூரில் வேலை, மாடியறை சும்மா கிடந்தது, இவள் குடி வந்தாள்.

அந்த வீட்டில் சாமிக்கு ஓர் அலமாரி. ஆனால் சாமிக்கான சட்டதிட்டமோ வீடு முழுக்க. இடது கையால் எதையும் நீட்டாதே. விளக்கு வைத்த பிறகு வீட்டைப் பெருக்காதே. வாசற்படியில் நின்றுகொண்டு எதையும் கொடுக்காதே, வாங்காதே. படுத்திருக்கிறவரைத் தாண்டாதே. ஒவ்வொன்றையும் தப்பு பண்ணி, "ஐயையோ" என்று அக்கா வாயில் கை வைத்த பிறகுதான் அவளுக்குத் தெரியவரும். மறுபடி தப்பு வரக்கூடாது என்று மருந்தியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் நம்பர் போட்டு எழுதிவைத்துக்கொண்டாள். அப்படியே மாத்திரை டப்பாவில் போடுகிற மாதிரி, குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வைக்கவும் என்று கீழே ஒரு வரி சேர்த்துக்கொள் என்பார் மாமா.

அம்மாவும் அக்காவும் சினேகிதிகள் ஆனது ஞாயிற்றுக்கிழமை வீடியோ போனில். முதலில் இவள் நடுவில் உட்கார்ந்து அங்கே சொன்னதை இங்கேயும் இங்கே சொன்னதை அங்கேயும் மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நாலாவது வாரமே போனைப் பிடுங்கிக்கொண்டு இவளைத் துரத்திவிட்டார்கள். அக்கா தமிழில் பேசுவாள், அம்மா அவள் மொழியில் பேசுவாள், அரை மணி நேரம் ஓடும். என்னதான் பேசுகிறீர்கள் என்று கேட்டால், "உனக்கெதுக்கு, பெரியவங்க விஷயம்" என்று பதில் வரும். ஒருநாள் அப்படிப் பேசி முடித்துவிட்டு அக்கா மாடிக்கு ஏறி வந்தாள். முழங்கால் வலியால் மாடிப்படிப் பக்கமே வராதவள். உங்க அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு எட்டுப் படி ஏறினார்கள், அதற்குள் இரண்டு தடவை நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள், நீ டாக்டருக்குப் படிக்கிறாயா மண்ணாங்கட்டிக்குப் படிக்கிறாயா, உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல் என்றாள். டாக்டருக்கு இல்லை, மருந்துக்கு என்று இவள் திருத்தவில்லை. இதயத்தில் ஒரு வால்வு கெட்டுப்போயிருந்தது என்று அப்புறம்தான் தெரிந்தது. மகள் கண்ணுக்குப் படாதது அளவெடுக்கிறவள் கண்ணுக்குப் பட்டுவிட்டது.

ஆபரேஷனுக்குத் தேதி குறித்த அன்றைக்கே அக்கா காசு முடிந்துவிட்டாள். நல்லபடியாக முடிந்தால் செருப்பில்லாமல் உன் அறுநூறு படியும் ஏறி வந்து அந்த அம்மா பேருக்கு அர்ச்சனை பண்ணுகிறேன் என்று வேண்டுதல். அதுவரைக்கும் ஒரு வேளைதான் சாப்பாடு, பாய்கூட இல்லாமல் தரையில் படுக்கை. மாமா சும்மா விடுவாரா? உன் சாமி அந்த தேசத்துக்குப் போக விசா வேண்டாமா, அங்கே இருக்கிற சாமி என் ஏரியாவுக்குள் நீ எப்படி வந்தாய் என்று கேட்க மாட்டாரா என்று வாரினார். அக்கா அவரை ஒரு முறை முறைத்ததோடு சரி. அவரும் அன்றைக்கே டிப்போவில் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்தார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதுதான் விஷயம். மூன்று வாரமாக ஒருத்தி முகம் தெரிந்த ஆனால் தொட்டே பார்க்காத ஒரு பெண்மணிக்காக வயிற்றைக் கட்டியிருக்கிறாள். நாளைக்கு அது நிறைவேறப்போகிறது. இன்றைக்குப் போய், நீ வேண்டிக்கொண்ட ஆள் இல்லை என்று எப்படிச் சொல்வது?

அவள் யோசிக்காமல் இல்லை. வீட்டுக்கு விலக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், கோயில் பக்கம் போகாமல் தப்பித்துக்கொள்ளலாம். அந்த ஊர்ப் பெண்கள் எல்லாருக்கும் தெரிந்த வழி அது. ஆனால் அக்கா அவளை விட்டுவிட்டுப் போக மாட்டாள். உங்க அம்மாவுக்குச் செய்வது, நீ இல்லாமல் என்ன என்று பயணத்தை அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவாள். இன்னும் ஒரு வாரம் ஒரு வேளைச் சோறும் வெறுந்தரையும். அந்த முழங்கால் இப்போதே பூசணிக்காய் மாதிரி வீங்கிக் கிடக்கிறது.

மத்தியானம் மூன்று பேரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். அக்காவுக்கு அதுதான் அன்றைய ஒரே சாப்பாடு. மாமா ஒரு பயணியின் கதையைச் சொன்னார். ஏறியதிலிருந்து தூங்கிக்கொண்டே வந்து, கடைசி ஸ்டாப்பில் எழுப்பினால், இந்த பஸ் இவ்வளவு தூரம் வரும் என்று ஏன் முன்னாலேயே சொல்லவில்லை என்று அவரிடமே சண்டைக்கு வந்தானாம். அக்கா சிரித்தாள். அவளும் சிரித்தாள். சிரித்த பிறகுதான் தன் சத்தம் தன் காதிலேயே விழுந்தது. அம்மா செத்த செய்தி வந்து ஆறு மணி நேரம் ஆகவில்லை, நான் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரிக்கிறேன் என்று நினைத்தாள். அக்கா இன்னும் கொஞ்சம் போட்டாள். அதையும் சாப்பிட்டாள்.

சாயங்காலம் மாடியறையில் நோட்டைப் பிரித்துக் கடைசிப் பக்கத்தைப் பார்த்தாள். இருபத்தேழாம் நம்பர்: வீட்டில் சாவு விழுந்தவர்கள் கோயிலுக்குப் போகக்கூடாது. போன மழைக்காலத்தில் எதிர்வீட்டுப் பெரியவர் இறந்தபோது எழுதியது. போனால் என்ன ஆகும் என்று அப்போது அக்காவிடம் கேட்டிருந்தாள். ஒன்றும் ஆகாது, ஆனால் போகக்கூடாது, அது தீட்டு என்று பதில் வந்தது. எதிர்வீட்டில் இருக்கிற நாமும் போகக்கூடாதா என்று கேட்டதற்கு, நமக்கென்ன, சொந்தக்காரர்களுக்குத்தான் என்றாள் அக்கா. அது இருபத்தெட்டாம் நம்பர்.

கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். கூடவே போவது, படி ஏறுவது, கோயில் வாசலில் நின்றுகொள்வது. பையையும் செருப்பையும் பார்த்துக்கொள்கிறேன் என்று சொன்னால் ஆயிற்று. உள்ளே கால் வைக்கக்கூடாது. அக்கா அர்ச்சனையை முடித்துக்கொண்டு வந்து வயிறாரச் சாப்பிட்ட பிறகு, திரும்பி வருகிற பஸ்ஸில் சொல்லிவிடலாம். எல்லாவற்றையும் சரியாக யோசித்துவிட்டதாக நினைத்தாள், பாவம்.

விடியற்காலை பஸ்ஸில் மாமா ஜன்னலோரம் உட்கார்ந்தார். டிரைவராக இருக்கிற மனுஷனுக்குப் பயணியாக உட்காரத் தெரியாது. முன்னால் ஒரு வண்டி குறுக்கே வந்தால் போதும், அவருடைய வலது கால் தரையை அழுத்தி இல்லாத பிரேக்கைத் தேடும். வளைவில் அந்த டிரைவர் கியரை மாற்றியபோது இவர் பல்லைக் கடித்தார். அக்கா இரண்டு தடவை அவர் முழங்காலில் தட்டி, இங்கே நீங்க ஓட்டலை, கண்ணை மூடிக்கிட்டு வாங்க என்றாள். அவர் கண்ணை மூடிக்கொண்டும் பிரேக் போட்டார். வேறொரு நாளாக இருந்திருந்தால் அவள் அதை அம்மாவுக்குப் போன் பண்ணிச் சொல்லியிருப்பாள். அப்படி நினைத்துப் போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். எடுத்த பிறகு அதை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டாள்.

படி ஏறத் தொடங்கும்போது ஒன்பதரை. அக்கா செருப்பைக் கழற்றிப் பைக்குள் போட்டாள். பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றாள், முழங்காலைத் தேய்த்தாள், மறுபடி ஏறினாள். மாமா கையைக் கொடுத்தார், வேண்டாம் என்றாள். யாராவது தாங்கினால் பாதிப் புண்ணியம் அவர்களுக்குப் போய்விடும், அந்தம்மாவுக்கு முழுசாகப் போய்ச் சேர வேண்டும் என்று அவள் கணக்கு. பின்னால் வந்துகொண்டிருந்த பெண்ணுக்கு ஒவ்வொரு படியும் ஓர் அடி மாதிரி விழுந்தது. நில்லுங்கள், வேண்டாம், யாருக்காக ஏறுகிறீர்கள் என்று கத்த வேண்டும்போல் இருந்தது. நானூறாவது படியோ என்னவோ, மணியைப் பார்த்தாள். பதினொன்று.

அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அங்கே இப்போது குழிக்குள் இறக்குவார்கள். அப்பா தனியாக நிற்பார். யார் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருப்பார்கள் என்று யோசித்துப் பார்த்தாள், ஒரு முகமும் வரவில்லை. பெற்ற மகள் அந்த நேரத்தில் இருக்க வேண்டிய இடம் அதுதான், ஆனால் அவள் முன்பின் தெரியாத ஒரு மலையின் படியில் உட்கார்ந்திருக்கிறாள். மேலே போய்க்கொண்டிருந்த அக்கா பார்த்துவிட்டு, ஏறிய படியை மறுபடி நொண்டி நொண்டி இறங்கி வந்தாள். முந்தானையால் அவளுக்கு விசிறினாள். பாட்டிலைத் திறந்து நீட்டினாள்.

"குடி. முகமே வெளுத்துப் போச்சு. உன்னை ஏற வேண்டாம்னு சொல்லியிருக்கணும் நான்."

தண்ணீரைக் குடித்தாள். அழுகை வரும் என்று பார்த்தாள், வரவில்லை. நேற்றுக் காலையிலிருந்தே வரவில்லை.  

மேலே எள் போட்டால் எள் விழாத கூட்டம். வாசல் கோபுரத்துக்கு வெளியிலேயே அர்ச்சனைச் சீட்டுக் கொடுக்கிற ஜன்னல் இருந்தது. அவள் திட்டமிட்டபடி, பையை என்னிடம் கொடுங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றாள். அக்கா காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. அம்மா பேரை நீதான் சரியாகச் சொல்ல வேண்டும் என்று மணிக்கட்டைக் குரங்குப் பிடியாகப் பிடித்து வரிசைக்குள் இழுத்துக்கொண்டாள். பத்து நிமிஷத்தில் ஜன்னலுக்கு முன்னால் வந்துவிட்டார்கள். சீட்டு எழுதுகிறவர் நிமிராமல் பெயரைக் கேட்டார்.

அவள் சொல்லத் தயங்க, அக்காவே சொன்னாள். அந்த அயல்நாட்டுப் பெயரை மூன்று வாரமாகச் சாமி அலமாரிக்கு முன்னால் சொல்லிச் சொல்லிப் பழகியிருந்தாள். ஓர் எழுத்து பிசகவில்லை. எழுதுகிறவர்தான் இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். அப்புறம் நட்சத்திரம் என்ன என்றார்.

பிறந்த நேரத்தை வைத்து அந்த ஊரில் ஒவ்வொருவருக்கும் ஒரு நட்சத்திரம் உண்டு. எதற்கு அது என்று ஒரு தடவை அவள் கேட்டதற்கு, பேர் ஆயிரம் பேருக்கு இருக்கும், நட்சத்திரம் சொன்னால்தான் சாமி சரியான ஆளைக் கண்டுபிடிக்கும், அது வீட்டு விலாசம் மாதிரி என்று அக்கா சொல்லியிருந்தாள். அம்மாவுக்கு ஏது நட்சத்திரம்? அவள் பிறந்த தேசத்தில் பிள்ளை பிறந்தால் எடையைத்தான் எழுதிவைப்பார்கள். தெரியாவிட்டால் பரவாயில்லை, சாமி பேருக்கே பண்ணிவிடலாம், நிறையப் பேர் அப்படித்தான் பண்ணுகிறார்கள் என்று எழுதுகிறவர் பேனாவைத் தட்டினார்.

"வேண்டாங்க," என்றாள் அக்கா. "அவங்க பேருக்குத்தான் வேண்டியிருக்கேன். என் நட்சத்திரத்தைப் போடுங்க. ஆயுசுக்குன்னு சொல்லிப் பண்ணச் சொல்லுங்க."

பேனா சீட்டில் பட்டது.  செத்தவள் பெயருக்குப் பக்கத்தில் உயிரோடிருக்கிறவளின் விலாசம். சாமியோ, வேறு எதுவோ, நேற்று ஒரு வீட்டுக்கு வந்துவிட்டுப் போன ஒன்று, அந்தச் சீட்டைப் பார்த்து அக்கா வீட்டுக்கு வந்து நின்றால்? அறிவுக்கு ஒத்து வராத பயம்தான். மருந்துக்குப் படிக்கிறவளுக்கு அது நன்றாகவே தெரியும். ஆனால் இரண்டரை வருஷம் ஒரு வீட்டின் சோற்றைத் தின்றால் அந்த வீட்டின் பயமும் ரத்தத்தில் கலந்துவிடும்போல் இருக்கிறது. ஜன்னலுக்குள் கையை விட்டு அவள் சீட்டை மூடினாள்.

"அக்கா, வேண்டாம். உங்க நட்சத்திரம் வேண்டாம். அம்மா இல்ல."

அக்காவுக்கு முதலில் புரியவில்லை. பின்னால் நின்றவர்கள் என்னம்மா, சீக்கிரம் என்று முணுமுணுத்தார்கள். அவள் மறுபடி சொன்னாள். நேத்துக் காலைலேயே போன் வந்துடுச்சு அக்கா என்றாள். எழுதுகிறவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, முதல் தடவையாக நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தார். பிறகு எழுதிய சீட்டைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

அக்கா அவளை வரிசையிலிருந்து வெளியே கூட்டி வந்தாள். மாமா பையைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார். காலைக் கழுவுவதற்காக வைத்திருக்கிற குழாய்கள் மதிலோரம் வரிசையாக இருந்தன. அங்கே வந்து நின்றதும் அக்கா அவளைத் திருப்பி நிறுத்தி முகத்தைப் பார்த்தாள்.

"நேத்துக் காலைலயா?"

"ம்."

"நான் நடந்தாங்களான்னு கேட்டப்ப?"

அவள் தலையை ஆட்டினாள். உங்கள் வேண்டுதல் கெட்டுவிடக்கூடாது என்றுதான், நீங்கள் சாப்பிட்ட பிறகு சொல்லலாம் என்றுதான் என்று ஆரம்பித்தாள். தீட்டோடு இவ்வளவு தூரம் வந்தது தப்பு, ஆனால் உள்ளே கால் வைக்கவில்லை என்றாள். அக்கா கையை ஓங்கி அவள் முதுகில் ஓர் அடி வைத்தாள். விளையாட்டு அடி இல்லை, வலித்தது.

"பாவி. நேத்து ரெண்டாம் தடவை சோறு போட்டேனே. தின்னியே. நான் சிரிச்சேனே, நீயும் கூடச் சேர்ந்து சிரிச்சியே. தாய் செத்த பொண்ணை வீட்டுல வச்சுக்கிட்டு நான் தேங்காய் எடுத்து வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்."

 அக்கா திரும்பிக் கோபுரத்தைப் பார்த்தாள். வரிசையில் நிற்கும்போதே எடுத்துவைத்துக்கொண்ட மஞ்சள் துணி முடிச்சு இன்னும் கையில்தான் இருந்தது. இன்னாரிடம் பேசுகிறோம் என்ற பயம் கொஞ்சமும் இல்லாமல், அடுத்த வீட்டுக்காரியிடம் பேசுகிற தொனியில், கேட்டதைக் குடுத்துட்டுப் பின்னாலயே வந்து புடுங்கிக்கிட்டியே, இதுக்கு முதல்லயே முடியாதுன்னு சொல்லியிருக்கலாமே என்றாள். மாமா அவள் கையிலிருந்து முடிச்சை மெதுவாக வாங்கிப் பையில் போட்டார்.  அந்த மனுஷன் இத்தனை நேரம் பேசாமல் இருந்து அவள் பார்த்ததே கிடையாது.

குழாயடியில் பிளாஸ்டிக் வாளி ஒன்றும் குவளை ஒன்றும் கிடந்தன. அக்கா வாளியை நிரப்பினாள். அந்தப் பெண்ணைச் சிமெண்டுத் திட்டில் உட்காரவைத்து, பின்னலை அவிழ்த்துவிட்டு, தலையில் தண்ணீரை ஊற்றினாள். மலைத் தண்ணீர், உச்சி மண்டையில் சில்லென்று இறங்கியது. இரண்டு குவளை, மூன்று குவளை. சாவுச் செய்தி கேட்ட உடனே ஊற்றியிருக்க வேண்டிய தண்ணீர், ஒரு நாள் பிந்தி இப்போதுதான் விழுகிறது. நாலாவது குவளையில் அழுகை வந்தது. அவள் தன் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டு அழுதாள். கோயில் வாசலில் போகிறவர் வருகிறவர் எல்லாரும் நின்று பார்க்க, குழந்தை மாதிரி வாயைத் திறந்து அழுதாள். அக்கா நிறுத்தச் சொல்லவில்லை. ஒரு கையால் அவள் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டு இன்னொரு கையால் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அழுகை கொஞ்சம் அடங்கியபோது அவள் கவனித்தாள். அக்கா மறுபடி வாளியை நிரப்பித் தன் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டிருந்தாள். கட்டியிருந்தது வேண்டுதலுக்கென்று எடுத்த புதுப்புடவை.

"உங்களுக்கு வேண்டாம் அக்கா. சொந்தக்காரங்களுக்குத்தான் தீட்டுன்னு நீங்கதானே சொன்னீங்க. நான் எழுதிக்கூட வச்சிருக்கேன்."

"அந்த நோட்டைத் தூக்கி அடுப்புல போடு," என்றாள் அக்கா. வாளித் தண்ணீரை மொத்தமாகத் தன் தலையில் கவிழ்த்துக்கொண்டாள். சாயம் போட்ட கூந்தலிலிருந்து கறுப்பாக ஒரு கோடு கழுத்தில் இறங்கியது. அதைத் துடைத்துக்கொள்ளக்கூட இல்லை.

பக்கத்தில் பூ விற்றுக்கொண்டிருந்தவள் கூடையை விட்டுவிட்டு எழுந்து வந்தாள். கோயிலுக்கு வந்த இடத்தில் தலைக்கு ஊற்றிக்கொள்கிறீர்களே, யாருக்கு என்ன ஆயிற்று என்று விசாரித்தாள். அக்காவுக்குக் குளிரில் பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. திட்டில் உட்கார்ந்திருந்த பெண் என் அம்மா என்று சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் மாமா பேசினார்.

"எங்க வீட்ல ஒரு சாவும்மா," என்றார்.

கைக்கடிகாரத்தைக் கழற்றி, சட்டையையும் கழற்றிப் பையின் மேல் வைத்துவிட்டு, பெரிய குழாயைத் திறந்து அதன் கீழே போய்க் குனிந்து உட்கார்ந்தார்.